ஆய்ந்த கீரை

1

"கடையிலை வாங்கினதெண்டால் கட்டு எங்கை? கட்டின ரப்பர் எங்கை?"

"கழட்டி எறிஞ்சிட்டன். இப்ப அதுவோ உமக்கு—"

"தண்டு எங்கை?"

"இஞ்சாரும், கறி வைக்கிறது இலையோ தண்டோ? நான் வேலையாலை களைச்சு வந்து—"

"வேலையாலை வந்தனீங்கள் லா சப்பல் றோட்டிலை குந்தியிருந்து கீரை ஆய்ஞ்சனீங்களோ? இலை வேறை, காய் வேறை. காயைக் கடதாசியிலை சுருட்டி வைச்சிருக்கு. இது ஆம்பிளை செய்த வேலையோ?"

"கடைக்காரன் ஆய்ஞ்சு வித்திருப்பான்."

"எந்தக் கடைக்காரன்? பேரைச் சொல்லுங்கோ."

கதை எனக்கு வந்தது இப்படித்தான், பாதியிலிருந்து. ரெண்டு குரல், ஒன்றின் மேல் ஒன்று ஏறி. பாரிசின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் எங்கள் கட்டிடம் பழையது. நாலாம் மாடிச் சமையலறையில் கதைப்பது காற்றுக்குழாய் வழியே ஆறாம் மாடிக்கு ஏறி வரும். முதலில் வெங்காயம் வதங்கும் மணம் வரும், பிறகு சண்டை வரும். முகம் வராது. கை என்ன செய்கிறது என்பதும் வராது. அதையெல்லாம் நான்தான் பிறகு தேடிப் போட வேண்டும். ஆகவே முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது ஒட்டுக்கேட்ட கதை.

(முழுவதும் அல்ல. எவ்வளவு என்று பிறகு பார்ப்போம். கதை சொல்லுகிறவள் முதல் பக்கத்திலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டால், அதற்குப் பின்னால் பெரிதாக ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று சந்தேகப்படுங்கள். வாசிக்கிற பக்கத்தில் இருந்தால் நான் அப்படித்தான் செய்வேன்.)

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பாரிஸ் மாநகரில், கோசலை என்னும் ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி—" பெண்மணி என்ற சொல் விழுந்ததும் பேனையை வைத்துவிட்டேன். கோசலையை யாரும் பெண்மணி என்று கூப்பிட்டால், பின்னால் ஆர் வருகினம் என்று திரும்பிப் பார்ப்பாள்.

இரண்டாம் தொடக்கம்: "லா கூர்னெவ் பூங்காவுக்குப் பின்பக்கம், சாமான் கிடங்குகளின் கம்பிவேலி ஓரமாக, யூன் கடைசியில் மணத்தக்காளி முழங்கால் உயரத்துக்கு—"

[வெட்டிவிட்டேன். இந்தக் கதையைக் கோசலையின் தோளுக்குப் பக்கத்தில் நின்று சொல்வதாகத்தான் எண்ணம். கீரை எங்கே முளைத்தது என்று கோசலைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாத இடம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். வெட்டின இடம் மட்டும் தெரியட்டும்.]

மூன்றாம் தொடக்கம்: கோசலையும் குலசேகரமும் கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருசம். ஒரே மகள் கஜனி, நகருக்கு வெளியே ஸ்தேனில் குடும்பமாக இருக்கிறாள். குலசேகரத்துக்கு அதற்குப் பக்கத்தில் லா கூர்னெவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. விடியப் போனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டில் நிற்பார். இந்த யூனிலிருந்து, செவ்வாயும் வெள்ளியும், நாலு மணிக்குத்தான் வருகிறார். வரும்போது கையில் பேக்கரியில் பாண் சுற்றித் தருகிற கடதாசிப் பை ஒன்று. பைக்குள் மணத்தக்காளிக் கீரை. ஆய்ந்த கீரை.

இது பொலிசில் கொடுக்கிற வாக்குமூலம் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

(எழுதும்போது வலது பெருவிரல் நகம் தாளில் கொழுவி இழுக்கிறது. பத்தொன்பது வருசத்துக்கு முதல், தையல் மெசின் ஊசி நடு நகத்தால் இறங்கி, அதிலிருந்து நகம் ரெண்டாகப் பிளந்துதான்— இது கதைக்கு வேண்டாம்.)

3

சும்மா கிடைக்கிற எதையும் கோசலை நம்பமாட்டாள். வருசக் கடைசியில் நகைக்கடையில் கலண்டர் சும்மா கொடுத்தால், இதுக்கு என்ன கேட்கப் போறாங்களோ என்று பன்னிரண்டு மாதத்தையும் புரட்டிப் பார்ப்பாள். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னவனிடம், அதை முதலில் உன்ரை தாயிட்டைக் குடு என்று சொல்லி வைத்தவள். 2009 வைகாசியில் ஊரில் சண்டை முடிய முன்னும் சரி, பின்னும் சரி, அவளுடைய கதவைத் தட்டின ஒவ்வொருவரும் ஏதோ ஒன்று கேட்டுத்தான் தட்டினார்கள். பழம் கொண்டுவந்தவர்களும் கேட்டார்கள்.

அப்படிப்பட்டவள் இந்தக் கீரையை முதல் ரெண்டு கிழமை நம்பினாள். கடையில் மலிவாகப் போட்டிருக்கிறான் என்று புருசன் சொன்னதும், தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். அவருடைய வயிற்றெரிவு குறைந்தது. இரவில் எழும்பி நடப்பதும் குறைந்தது. அந்தச் சந்தோசத்திலேதான் மூன்றாம் கிழமை தானே போய் வாங்குவோம் என்று வெளிக்கிட்டாள். மூன்று கடை ஏறி இறங்கினாள். வல்லாரை இருந்தது, பொன்னாங்காணி இருந்தது, முருங்கையிலை இருந்தது. மூன்றாவது கடைக்காரர் சிரித்தார். மணத்தக்காளி பிளேனில் வந்து சேரமுதல் வாடிவிடும், லா சப்பலில் ஒருத்தரும் எடுப்பதில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து, அன்றைக்கு வந்த கீரையைப் பேப்பரில் பரப்பி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

கீரை ஆய்வதில் ஆளுக்கொரு கை. கோசலை ஆய்ந்தால் இலையில் காம்பே மிஞ்சாது. கஜனி ஆய்ந்தால் புழுவும் சேர்ந்து சட்டிக்குப் போகும். இந்தக் கீரையில் ஒவ்வொரு இலைக்கும் நெல்மணி அளவு காம்பு விட்டிருந்தது. பழுத்த இலை ஒன்றுகூட இல்லை. காம்பின் நுனியில், கிள்ளினது முழுதாக அறாமல், மயிர்போல ஒரு நார் தொங்கியது. ஒன்றிலல்ல, எல்லாவற்றிலும். பச்சைக் காய்கள் தனியாக, ஒரு துண்டுக் கடதாசியில், மிட்டாய் மாதிரி ரெண்டு பக்கமும் முறுக்கி.

கோசலையை உறுத்தியது நார் அல்ல. இந்தக் கீரையை ஆய்ந்தவள் அவசரப்படவில்லை. அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது. பக்கத்தில் கதைப்பதற்கு ஆள் இருந்திருக்கிறது. தன்னோடு நாளைக்கு நாலு வசனம் கதைக்கிற மனிசன், எங்கேயோ ஒரு பை நிறையக் கீரை ஆய்ந்து முடியுமட்டும் ஒருத்திக்குப் பக்கத்தில் இருந்து கதைத்திருக்கிறார்.

4

இதைக் கோசலை யாருக்காவது சொல்லவேண்டும். மனதுக்குள் நினைத்தாள், மனதுக்குள் அழுதாள் என்று எழுத எனக்கு வராது. வாய்விட்டுச் சொன்னால்தான் என்னால் எழுத முடியும். ஆகவே மேல்மாடி அக்கா ஒருவரைக் கதைக்குள் விடுகிறேன். பெயர் தில்லைநாயகி. அறுபத்தெட்டு வயது, புருசன் இல்லை, தையல் வேலை செய்து பென்சன் எடுத்தவ. கதையில் அவவுக்கு வேறு வேலை கிடையாது. காது மட்டும்.

கோசலை மாடியேறி வந்து, தேத்தண்ணி ஆறுமட்டும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆளும் கிடைத்துவிட்டது: மூன்றாம் மாடி ரோசாலி.

ரோசாலி புதுச்சேரிக்காரி, கத்தோலிக்கர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், தனி ஆள். யாரைக் கண்டாலும் ரெண்டு வார்த்தை நல்லதாகக் கதைப்பவர். அதுதான் வினையாகிவிட்டது. போன கிழமை லிஃப்டில் கோசலையைக் கண்டு, "என்னா கோசலை, கீரை மணக்குதே. உங்க மிஸ்யே பையோட போனாரு, பாத்தேன். நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

பைக்குள் இருப்பது கீரை என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கோசலை அதைப் பிடித்துக்கொண்டாள். ரோசாலி வீட்டு யன்னலில் பூச்சட்டி இருக்கிறது. பூச்சட்டி இருந்தால் கீரைச் சட்டியும் இருக்கும். ரோசாலிக்கு நேரம் இருக்கிறது. ரோசாலி கதைகாரி.

"ரோசாலிதான் அக்கா. வேறை ஆர்?" என்றாள் கோசலை.

மேல்மாடி அக்கா, "ம்," என்றா.

[இந்த "ம்"-ஐ மூன்று தரம் வெட்டி மூன்று தரம் திருப்பி எழுதினேன். "அப்படி இருக்காது பிள்ளை" என்று அக்கா சொன்னதாக ஒரு பிரதி உண்டு. அது பொய்ப் பிரதி.]

ஓகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு ரோசாலி வருசா வருசம் கேக் செய்து, நாலு வீட்டுக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பார். தட்டை வெறுமையாய்த் திருப்பக்கூடாது என்று கோசலை முறுக்கோ பழமோ வைத்துத்தான் திருப்புவாள். இந்த வருசமும் தட்டு வெறுமையாய்ப் போகவில்லை. ரோசாலியின் கேக், மூடின துணிகூடக் கலையாமல், அப்படியே ரோசாலியின் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தது. குலசேகரம் காரணம் கேட்டதற்கு, "தில்லை அக்காவும் ஓம் எண்டவ," என்று கோசலை சொன்னது காற்றுக்குழாயால் வந்தது.

ஒரு "ம்" ரெண்டு மாடி இறங்குவதற்குள் "ஓம்" ஆகிவிட்டது. குலசேகரம் எழும்பிக் கோப்பை கழுவப் போனார்போல. அந்தப் பக்கத்தில் நெடுநேரம் தண்ணிக்குழாய் மட்டும் ஓடியது.

5

குலசேகரத்தை எனக்கு எழுத வரவில்லை. கதைக்காத ஆளை வைத்து நான் என்ன செய்வது? ஒரு பிரதியில் அவரை வஞ்சகராக்கிப் பார்த்தேன், பொருந்தவில்லை. இன்னொன்றில் அப்பாவியாக்கினேன். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது: அந்தாள் உண்மையைச் சொன்னால் என்ன? பூங்காவில் பிடுங்கினேன், சும்மா கிடைத்தது என்று சொன்னால் முடிந்ததே.

முடியாது. அதற்குக் காரணம் கோசலைதான். இரண்டு வருசத்துக்கு முன் ஸ்தேனில் மடுத்தீன் என்பவர் பூங்கா மரத்தடியில் வால்நட் பொறுக்கியதை யாரோ கண்டுவிட்டார்கள். மத்தியானம் பொறுக்கினார். பின்னேரம் லா சப்பல் கடைகளில் பரவின கதையில் அவருக்கு வேலை போய்விட்டது, அடுத்த நாள் பெண்சாதியும் விட்டுவிட்டுப் போய்விட்டா. ரெண்டும் நடக்கவில்லை, ஆனாலும் மடுத்தீன் ஆறு மாதம் லா சப்பல் பக்கம் வரவில்லை. அந்தக் கதையைக் கேட்டு எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தது கோசலை. "அந்தாள் நாளைக்குப் புல்லும் மேயும்," என்று சொன்னதும் அவள்தான். பக்கத்தில் நின்று குலசேகரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கைநிறையக் கீரையோடு முதல்நாள் வீட்டுக்குள் வந்த மனிசன் "கடையிலை வாங்கினன்" என்று சொன்னதற்கு அதுதான் காரணம். நல்ல கீரையை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு எங்கள் ஆக்களுக்கு ஒரு கடை வேண்டியிருக்கிறது.

வெட்டின இரண்டாம் தொடக்கத்தைத் திருப்பி ஒட்டுகிறேன்.

லா கூர்னெவ் பூங்காவுக்குப் பின்பக்கம், சாமான் கிடங்குகளின் கம்பிவேலி ஓரமாக, யூன் கடைசியில் மணத்தக்காளி முழங்கால் உயரத்துக்கு நிற்கும். யாரும் விதைத்ததல்ல. சீமெந்து வெடித்த இடமெல்லாம் குப்பைக்கீரை. அங்கால் முள்ளுப்பற்றை, ஓகஸ்டில் பழுக்கும். பிரெஞ்சில் மூர் என்கிற கறுப்புப் பழம், தொட்டாலே விரலில் மை. வேலிக்கு வெளியே சாய்ந்த ஒரு மரத்தில் மிராபெல், கோலிக்குண்டு பருமனில் மஞ்சள் பழம், ஆட்டத் தேவையில்லை, கீழே நின்றால் தலையில் விழும். ஒன்றிலும் விலை ஒட்டியிருக்காது. ஒருவரும் உங்களைப் பார்த்து நன்றி எதிர்பார்க்கமாட்டார்கள். வெயிலில் சூடேறின பழத்தை வேலியோரம் நின்றபடியே வாயில் போட்டால், நாக்கு முதலில் நம்பாது.

6

மேல்மாடி அக்காவுக்குக் காது மட்டும் என்று சொன்னேன். விரலும் இருந்தது.

நடக்கச் சொன்னது டொக்டர். செவ்வாயும் வெள்ளியும் RER ரயில் எடுத்து லா கூர்னெவுக்குப் போய், பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு வருவேன். யூனில் ஒரு வெள்ளிக்கிழமை, குனிந்து குப்பைக்கீரை பிடுங்கிக்கொண்டிருந்த நான் நிமிர, அங்கால் பற்றைக்குள்ளிருந்து குலசேகரம் நிமிர்ந்தார். ரெண்டு பேர் கையிலும் களவு மாதிரிக் கீரை.

"நீங்கள் என்னைக் காணேல்லை, அக்கா," என்றார்.

"நீங்களும் என்னைக் காணேல்லை, தம்பி," என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். (இல்லை.)

பிறகு ஒரு பெஞ்ச் வந்தது. அவர் பிடுங்குவார், கையைச் சும்மா வைத்திருந்து எனக்குப் பழக்கமில்லை, நான் ஆய்வேன். எங்களுக்கு நடுவில் கீரை இருக்கும். வீட்டில் கதைக்காத மனிசன் அங்கே கதைத்தார். 2009க்குப் பிறகு ஆக்களோடு கதைக்கவே பயமாயிருக்கிறது, எந்தக் கதையும் கடைசியில் செத்தவர்களின் பெயர்களில் போய் நிற்கிறது என்றார். கீரையைப் பற்றிக் கதைத்தால் அப்படி நிற்பதில்லை என்றார். மூர் பழத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். நான் எடுப்பேன். கை முழுக்க முள் கீறி, நாக்கு ஊதாவாகி, நல்ல சந்தோசமாக இருந்தோம். அதையும் சொல்லவேண்டும். சும்மா கிடைத்த பின்னேரங்கள்.

கோசலை கண்டுபிடிப்பாள் என்று எனக்குத் தெரியாதா? நாற்பது வருசம் கீரை ஆய்ந்தவள் நான். பிளந்த நகம் காம்பில் நார் விடும் என்று தெரியும். நகத்தை ஒட்ட வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. ஆய்வதை விட்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை. காயைச் சுருட்டி முறுக்கி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

யூலை கடைசியில் ஒரு நாள், "மழை வரப்போகுது, வாங்கோ, எழும்புவம்," என்றார் குலசேகரம். "அக்கா" என்ற சொல் அதில் இல்லை. அவசரத்தில் விட்டிருப்பார். நான் "தம்பி" என்று போட்டுப் பதில் சொல்லியிருந்தால் எல்லாம் நேராகியிருக்கும். "ஓம்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த செவ்வாய் நான் காதில் சிவப்புக்கல்லுத் தோட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு—

[இந்த வசனத்தை முடிக்க மாட்டேன்.]

7

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன், மூன்றிலும் எனக்கு நம்பிக்கையில்லை.

அ. குலசேகரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். பூங்கா, பெஞ்ச், அக்கா, ஒளிக்க ஒன்றுமில்லை என்கிறார். ஒன்றுமில்லை என்றால் ரெண்டு மாதம் ஏன் ஒளித்தீர்கள் என்று கோசலை கேட்பாள்.  

ஆ. மேல்மாடி அக்கா பூங்காவுக்குப் போவதை நிறுத்துகிறா. குலசேகரம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறார், ஆயாத கீரையோடு. எல்லாம் பழையபடி. ஆனால் ரோசாலி கெட்ட பெயரோடு மூன்றாம் மாடியில் இருப்பார், லிஃப்டில் யாரோடும் கதைக்காமல்.

இ. நவம்பர் வருகிறது. முதல் உறைபனிக்கு மணத்தக்காளி ஒரே இரவில் கருகிவிடும். கீரை இல்லை, பை இல்லை, நார் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லாமலே கதை அவிந்துவிடும். கோழையின் முடிவு என்று தெரியும். எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் கோசலை நவம்பர் வரை நிற்கப்போவதில்லை. வியாழக்கிழமை காற்றுக்குழாயால் சூட்கேசின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஞாயிறு ஸ்தேனுக்கு, கஜனியிடம் போகிறாளாம். குளிர்க்கோட்டும் வைச்சிட்டன் என்று சொன்னதும் கேட்டது. விருந்துக்குப் போகிறவள் ஓகஸ்டில் குளிர்க்கோட்டை மடித்து வைக்கமாட்டாள். "ஆரெண்டு தெரிஞ்சால் நிப்பன். தெரியாட்டில் போவன். தெரியாமல் இந்த வீட்டிலை சமைக்கேலாது," என்று சொன்னாள். குலசேகரம் பெயரைச் சொல்லவில்லை. யாரைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னைச் சுடுகிறது.

8

சனிக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. தில்லைநாயகி கதவைத் திறந்தா.

திறந்தேன்.

கோசலை நின்றாள். ஒரு கையில் பழைய பேப்பர், மறு கையில் ரெண்டு கட்டுப் பொன்னாங்காணி, ரப்பர் கழட்டாதது. உள்ளே வந்து, மேசையில் நான் எழுதிக்கொண்டிருந்த இந்தத் தாள்களைப் பார்த்தாள். வாசிக்கவில்லை. அவற்றின் மேலேயே பேப்பரை விரித்தாள்.

ரோசாலி வீட்டுக்குப் போனதாகச் சொன்னாள். ஒரு கட்டுக் கீரை கொண்டுபோய், கை நோகுது, ஆய்ஞ்சு தாங்கோ என்று கேட்டாளாம். தட்டு விசயத்துக்குப் பிறகும் அந்த மனிசி ஒரு சொல் சொல்லாமல் வாங்கி, அலுமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாராம்.

"கத்தரிக்கோலாலை வெட்டுறா, அக்கா. தண்டோடை. எனக்கு அழுகை வந்திட்டுது. காலிலை விழாத குறையாய் மன்னிப்புக் கேட்டனான். நீங்கள் 'ம்' எண்டு சொன்னதையும் சொன்னனான்."

கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தாள். ரப்பரை ஒவ்வொன்றாய்க் கழட்டித் தன் மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள். தண்டுகளைத் தட்டி ஒரு பக்கமாய் அடுக்கி, என் பக்கம் தள்ளினாள். கண்ணில் கோபம் இருந்ததா என்று கேட்காதீர்கள். கண்ணை நான் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எழுதமாட்டேன். நகவெட்டி குளியலறையில் இருக்கிறது, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழும்பலாம். இடது கையால் ஆயலாம். வாயால் சொல்லிவிடலாம். அல்லது எப்போதும்போல, நெல்மணி அளவு காம்பு விட்டு, ஒரு இலை கிள்ளலாம். இவ்வளவு தூரம் என்னைச் சந்தேகப்பட்டு வந்தவர்கள் நீங்கள், மிச்சத்தையும் நீங்களே பாருங்கள். எனக்குக் கேட்டது கோசலையின் குரல் மட்டும்தான், குழாயால் அல்ல, ஒரு முழத் தூரத்திலிருந்து:

"ஆயுங்கோ, அக்கா. அவசரமில்லை, நான் பக்கத்திலை இருந்து கதைச்சுக்கொண்டிருக்கிறன்."